யார் செய்தது என்று முதலில் கேட்காதீர்கள்



திருகோணமலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது வீட்டில் இருந்தே வெளியூர்க் கம்பனிகளுக்கு வேலை செய்கிறார்கள். சேர்வர் சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ இருக்கும். பிள்ளை இங்கே மடிக்கணனியில் லினக்ஸ் கட்டளை அடித்துக்கொண்டிருப்பார். உம்மா வாப்பாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த வேலையில் பிழை விட்டால் என்ன செய்வது என்று நாம் யாரும் அவர்களோடு கதைப்பதில்லை.

லினக்ஸில் ‘ஆர்எம்’ என்று இரண்டெழுத்துக் கட்டளை ஒன்று உண்டு. அடித்தால் கோப்பு போய்விடும். விண்டோஸில் உள்ளதுபோல் குப்பைக் கூடையில் போய் விழாது.

2017 ஜனவரி 31 அன்று இரவு கிட்லாப் கம்பனியில் இதுதான் நடந்தது. பொறியியலாளர் ஒருவர் நேரம் கடந்தும் வேலையில் இருந்தார். இரண்டாவது சேர்வரில் இருப்பதாக நினைத்துப் பிரதான சேர்வரின் தரவுத்தளத்தை அழிக்கக் கட்டளை கொடுத்தார். ஓரிரு விநாடியில் விளங்கி நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பெக்கப் எடுக்க ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தினமும் எடுக்கப்பட வேண்டிய பிரதி, மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பல நாளாக எடுபடவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. காப்பாற்றியது எது தெரியுமா? அதே பொறியியலாளர் ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்த பிரதி. கடைசியில் இழந்தது அந்த ஆறு மணித்தியாலத்து வேலை. அதில் ஏறத்தாழ 700 புதிய கணக்குகளும் 5,000 கருத்துகளும் அடங்கும்.

எங்களுக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேறு. அவர் மறைக்கவில்லை, கம்பனியும் மறைக்கவில்லை. மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள். அறிக்கையில் அவர் பெயரைப் போடவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை.

எங்கள் பாடசாலைகளிலும் சபைகளிலும் முதலில் வரும் கேள்வி “யார் செய்தது?” அந்தக் கேள்விக்குப் பயந்தவர் தானே சரிசெய்யப் பார்ப்பார். மெசினை நிறுத்தித் திரும்பப் போடுவார், அல்லது புதிதாக எதையாவது நிறுவுவார். லினக்ஸில் அழிந்த கோப்பை ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்வரை கோப்பை மீட்கலாம். மெசினை நிறுத்தினால் அந்த வாய்ப்பும் போச்சு. புதிதாக எழுதுவது பழையதன் மேலேயே விழலாம். ஆகவே பிள்ளைகளே, கையை எடுங்கள், அடித்த கட்டளையைக் குறித்து வையுங்கள், உடனே மேலிடத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தூர இருக்கும் சேர்வரின் பயர்வோலை மாற்றும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இரண்டாவது ஜன்னலில் உள்ளே போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் முதல் ஜன்னலில் இருந்தே திருத்தலாம். அதையும் மூடிவிட்டால் வெளியே பூட்டப்பட்ட வீட்டுக்காரன் கதைதான்.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரச கிளவுட் மீது நடந்த தாக்குதலில் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அது வெளியார் செய்த குற்றம், சரி. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் போனதற்குக் காரணம், இணையத்தோடு தொடர்பில்லாத பிரதி இல்லாதது. இணைந்திருந்த பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவில் அலமாரியோடு பிறப்புச் சான்றிதழைக் கடலுக்குக் கொடுத்தவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. பிரதி ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது பள்ளிவாசல் சந்தா, ஜனாஸா நிதி, பாடசாலைப் புள்ளிகள் எல்லாம் கணனிக்குப் போகின்றன. அடுத்த கூட்டத்தில் போன மாதத்துப் பிரதி ஒன்றை வேறொரு கணனியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். “பெக்கப் இருக்கு” என்ற பதிலை மட்டும் ஏற்க வேண்டாம். திறபடாவிட்டால் பொறுப்பான பிள்ளைக்கு ஏச வேண்டாம். அன்றைக்கே புதுப் பிரதி ஒன்று எடுத்து, கூட்டத்துக்கு வந்த வேறொருவர் வீட்டில் வையுங்கள்.