விடுதலைப் பத்திரத்தில் யார் கையெழுத்து?

சத்துவாச்சாரி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் எங்கள் தெருவில் வாழும் பெரியோர்களுக்கும், பேரணாம்பட்டுப் பக்கத்துப் பங்காளிகளுக்கும், இங்கிலாந்து தேசத்து நார்தாம்ப்டன் நகரிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

என் தந்தையார் காலமானபோது, நான் விமானம் ஏறி வந்து சேருமுன்பே பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வரவழைத்து, உறவினர்க்கெல்லாம் சொல்லியனுப்பி, பிள்ளை ஊரில் இல்லாத குறை தெரியாதபடி சகல காரியங்களையும் நடத்திக் கொடுத்தவர்கள் நீங்கள். அத்தகைய உங்களோடு மாறுபட்டு ஒரு விஷயம் பேசுவது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆயினும் பேசாமல் இருப்பது அதைவிட அநியாயமாகும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட கையோடு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த வேளையில், உங்களில் மூத்தவர் ஒருவர், தீய எண்ணம் லவலேசமும் இன்றி, “வீட்டைப் பத்திக் கவலைப்படாதே தம்பி, உங்க அக்கா ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க, அவங்களுக்குத்தான் அன்னைக்கே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே” என்றார். சுற்றியிருந்த அனைவரும் அதை ஆமோதித்தார்கள். காபி டம்ளர்களை எடுக்க வந்த அக்காவும் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

வீடு அப்பாவின் சுயார்ஜிதம். தவணை கட்டி வாங்கியது. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா உயில் எழுதவில்லை. ஆகவே 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மகனாகிய எனக்கும் மகளாகிய அக்காவுக்கும் சரிபாதி பாத்தியதை உண்டு. இதில் யாருடைய தயவும் வேண்டியதில்லை. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று 1929லேயே செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேறிய ஜில்லாவுக்கு அந்நாளைய அண்டை ஜில்லாக்காரர்களாகிய நாம், சட்டம் கொடுத்ததை ‘ரத்த பந்தம்’ என்னும் பெயரால் பத்திர எழுத்தரின் மேசையில் விடுதலைப் பத்திரமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அக்காவுக்குச் செய்த நகைக்குக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு, அடையாற்றில் நான் தோல் தொழில்நுட்பம் படித்த நாளில் விடுதிக்குக் கட்டிய பணமும், கடல் கடந்து போக வாங்கிய டிக்கெட்டும் ஏனோ சீர்வரிசையாகத் தோன்றுவதில்லை.

அப்பா ஆம்பூரில் தோல் மண்டியொன்றில் கணக்கு எழுதியவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய முதலாளியான ஒரு முஸ்லிம் பெரியவர் மறைந்தபோது, மனைவிக்கு எட்டில் ஒரு பாகம், மிச்சத்தில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று என, கல்யாணமாகிப் போன பெண்களின் பெயரையும் விடாமல் பட்டியல் எழுதியதைப் பற்றி அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஒன்றுக்கு இரண்டு எனக்கு உடன்பாடன்று. ஆனால் ஏட்டில் சமபாதி வைத்துக்கொண்டு கையில் பூஜ்யம் கொடுக்கும் நம்முடைய வழக்கத்தைவிட அது யோக்கியமான கணக்கு என்றே சொல்வேன்.

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளில்லாத வீட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடாமலே இறுகிப்போகிறது. பின்கட்டு நிலையில் கரையான் ஏறுகிறது. அரையாண்டு சொத்து வரியும் மின்சாரக் கணக்கும் மட்டும் செத்தவர் பெயரிலேயே தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. வெள்ளிதோறும் காகிதப்பட்டறையிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறி வந்து, விளக்கேற்றி, கால் மணி நேரம் மோட்டாரை ஓட விட்டு, ஜன்னல்களைத் திறந்து மூடிப் போகிறவள் அக்கா. அப்பாவின் கடைசி வருஷங்களில் சர்க்கரை மாத்திரையும் இரவுக் கஞ்சியும் அவள் கையால்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசினேன்.

பீரோவின் உள்ளறையில் ஒரு மஞ்சள் பை அகப்பட்டது. வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணை, வருஷவாரியாகச் சணல் கட்டிய தவணை ரசீதுகள், எல்லாம் ஒன்று குறையாமல் இருக்கின்றன. விற்பனைப் பத்திரம் மட்டும் இல்லை. கடைசித் தவணை வரை கட்டிய மனிதர், அந்தப் பத்திரத்தைத் தம் பெயருக்கு எழுதி வாங்காமலே விட்டுவிட்டார். ஊரார் கணக்கையெல்லாம் காலணா பிசகாமல் எழுதியவருக்கு இது எப்படி மறந்ததோ! நம் தெருவிலும் இத்தகைய மஞ்சள் பைகள் இன்னும் சில இருக்கக்கூடும்; இன்று மாலையே எடுத்துப் பாருங்கள்.

ஆகவே என் ஏற்பாடு இது. இறப்புச் சான்றை வைத்து, வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற்று, வாரியத்திடமிருந்து எங்கள் இருவர் பெயருக்கும் பத்திரம் எழுதி வாங்கியபின், என் பாதியை அக்காவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறவன் நான். அதற்கான அதிகாரப் பத்திரத்தை இங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகம் ஒன்றில் எழுதி அனுப்புகிறேன். வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும் என்பதால், தெருவில் பத்திரம் தெரிந்தவர்கள் அவளுக்கு உடன் போய் உதவக் கோருகிறேன். பிறகு அவள் வீட்டை விற்கலாம், வாடகைக்கு விடலாம், இடித்துக் கட்டலாம்; “தம்பி சொத்தை இப்படிப் பண்ணலாமா” என்று எவரும் அவளிடம் கேட்க வேண்டாம். விலை விசாரிக்கும் தரகர்களும் எனக்கு எழுதாமல் அவளிடமே பேசிக்கொள்ளட்டும்.

பங்காளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பேரணாம்பட்டுப் பக்கம் கிணறு உப்பேறிப்போன நம் புன்செய் பிதுரார்ஜிதம். அக்காவுக்கு 1987லேயே கல்யாணம் ஆகிவிட்டபடியால் அவளுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்வதாக அறிந்தேன். 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அதற்குமுன் மணமான பெண்களை ஒதுக்கியது மெய்யே. ஆனால் 2005இல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வேற்றுமையைக் கொள்ளவில்லை. மகள் பிறப்பினாலேயே பங்காளி என்பதை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஸ்திரப்படுத்திவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினை ஏதேனும் இருந்தால் வழக்கு வேறாகும். அப்படி ஒரு பத்திரம் உங்களில் எவரிடமாவது இருக்குமாயின், நான் தை மாதம் ஊருக்கு வரும்போது வில்லங்கச் சான்றோடு சேர்த்து எடுத்து வாருங்கள், அக்காவும் உடனிருப்பாள்.