பி.பி.எஸ். ஒன்றும் பூட்டு இல்லை!

மெயிலிலோ பென் டிரைவிலோ உங்களுக்கு ஒரு ஸ்லைடுஷோ வருகிறது. டபுள் கிளிக் செய்தால் திரை முழுக்க ஓடுகிறது. எஸ்கேப் கீயை அழுத்தினால் மூடிக்கொள்கிறது. உள்ளே ஓர் எழுத்தைக்கூடத் தொட முடியவில்லை. “அனுப்பியவர் லாக் பண்ணி அனுப்பியிருக்கிறார்” என்று நாமும் விட்டுவிடுகிறோம். சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் (பிரிண்டர் ஓடாவிட்டாலும் சொந்தக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள்) இந்த வசனத்தைப் பலமுறை கேட்டுவிட்டேன். உண்மையில் அங்கே பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது.

பழைய பவர்பாயிண்டில் பி.பி.டி., பி.பி.எஸ். என்று இரண்டு வகை ஃபைல்கள் உண்டு. இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றே. கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. பி.பி.டி. என்று இருந்தால் விண்டோஸ் அதை எடிட் செய்யத் திறக்கும். பி.பி.எஸ். என்று இருந்தால் நேராகக் காட்சியாக ஓட்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

எடிட் செய்ய வேண்டுமா? டபுள் கிளிக் செய்யாதீர்கள். முதலில் பவர்பாயிண்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து அந்த ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான எடிட் திரையிலேயே திறக்கும். பிறகு சேவ் ஆஸ் கொடுத்து, சாதாரண பிரசன்டேஷனாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மேலே மஞ்சள் பட்டை வந்தால் பயப்பட வேண்டாம். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களை பவர்பாயிண்ட் 2010 முதல் பாதுகாப்புக்காக அப்படித்தான் திறக்கிறது. அனுப்பியவர் தெரிந்தவர் என்றால் ‘எனேபிள் எடிட்டிங்’ கொடுக்கலாம். தெரியாதவர் என்றால் கொடுக்காதீர்கள்.

ஃபைலின் பெயரை மாற்றியும் இதைச் செய்யலாம். பி.பி.எஸ். என்பதை அழித்துவிட்டு பி.பி.டி. என்று அடிக்க வேண்டியதுதான். இதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருக்கும். அது தெரியாமல் பெயரை மாற்றினால், பெயரில் பி.பி.டி. என்று இருக்கும், ஃபைல் பழையபடி காட்சியாகவே ஓடும். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் முதலில் அதைத் தெரிய வையுங்கள். ஆபீஸ் 2007-லிருந்து வந்த பி.பி.எஸ்.எக்ஸ். ஃபைல் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் இருக்கும் ஒரு சிறிய எக்ஸ்.எம்.எல். ஃபைலில் ‘இது ஸ்லைடுஷோ’ என்று குறிப்பு இருக்கும். அதனால் எக்ஸ் வகைக்குப் பெயர் மாற்றுவதைவிட சேவ் ஆஸ்தான் முறையான வழி.

விஷயம் இவ்வளவு சின்னது என்றால் இதற்கு ஏன் ஒரு கட்டுரை? இது தெரியாததால் நடப்பவை அவ்வளவு சின்னவை அல்ல.

என் அக்கா ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்தப் பள்ளிக் கம்ப்யூட்டரில் சூரியக் குடும்பம் பற்றி ஒரு பி.பி.எஸ். இருந்தது. 2004-ல் யாரோ ஓர் ஆசிரியர் சிரத்தையாகச் செய்தது. படங்களும் அனிமேஷனும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் கோள்கள் ஒன்பது. 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாடப் புத்தகத்தில் எட்டு, திரையில் ஒன்பது. “கடைசி ஸ்லைடை விட்டுடுங்க” என்று ஒவ்வொரு வருடமும் வாயால் சொல்லியே ஓட்டியிருக்கிறார்கள். ஒரு பையன் பரீட்சையில் ஒன்பது என்று எழுதி மதிப்பெண் இழந்தான். “டீச்சர், நீங்க போட்டுக் காட்டினதுல அப்படித்தானே இருந்துச்சு?” என்று கேட்டானாம். அவன் கேட்டதில் என்ன தப்பு? அக்கா போனில் சொன்ன அன்றே, போனிலேயே வழி சொன்னேன். மூன்று இடத்தில் ஒன்பதை எட்டாக்கி, புளூட்டோவுக்குக் குறுங்கோள் என்று தலைப்பு மாற்ற, ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்த ஃபைல் எத்தனையோ வருடம் காத்திருந்திருக்கிறது.

பாடம் சம்பந்தப்பட்ட எதையும் பி.பி.எஸ். ஆகக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. வகுப்புக்கு வகுப்பு, வருடத்துக்கு வருடம் திருத்த வேண்டியதுதான் பாடம். திருத்தத் தெரியாதவர் கையில் போய்ச் சேரும் என்று தெரிந்தால், திருத்தக்கூடிய வடிவில் கொடுப்பதுதான் நியாயம்.

அனுப்புகிறவர்கள் பக்கமும் இதே நம்பிக்கை இருக்கிறது, அது இன்னும் ஆபத்தானது. என் நண்பர் ஒருவரின் நிறுவனத்துக்குப் பொருள் சப்ளை செய்யும் ஒருவர், விலைப்பட்டியலை ஸ்லைடுஷோவாக அனுப்பினார். அதில் எக்ஸெல் டேபிள் ஒன்று. பார்ப்பதற்கு நான்கு வரிசைதான். எடிட் திரையில் திறந்து அதை டபுள் கிளிக் செய்ததும் முழு ஒர்க்புக்கும் வந்து நின்றது. அவர் வாங்கிய விலை, வைத்த லாபம், மற்ற வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த விலை எல்லாம்! ஓடுகிற காட்சியில் தெரியாதது எதுவும் ஃபைலில் இல்லை என்று நினைத்திருக்கிறார், பாவம். ஹிடன் ஸ்லைடுகள், ஸ்லைடுக்குக் கீழே எழுதிய நோட்ஸ், கமெண்டுகள், தயாரித்தவர் பெயர் எல்லாமே பி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தே போகும். அனுப்பும் முன் ஃபைல் மெனுவின் இன்ஃபோ பகுதியில் இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டேபிளைப் படமாக ஒட்டிவிட்டால் பின்னால் ஒர்க்புக் வராது.

நிஜமாகவே பூட்ட வேண்டும் என்றால் திறப்பதற்கே பாஸ்வேர்டு வையுங்கள். அப்போதுதான் ஃபைல் என்கிரிப்ட் ஆகும். ‘மார்க் ஆஸ் ஃபைனல்’ வெறும் அறிவிப்புப் பலகை. ‘எடிட் எனிவே’ என்று ஒரு கிளிக்கில் போய்விடும். காட்டினால் போதும், யாரும் கை வைக்க வேண்டாம் என்றால் பி.டி.எஃப். ஆக அனுப்பலாம். அனிமேஷன் போய்விடும், பி.டி.எஃப்.ஐயும் திருத்துகிற மென்பொருட்கள் உண்டு. ஆனாலும் நோட்ஸும் ஒர்க்புக்கும் தெரியாமல் ஊர் சுற்றாது.

அடுத்தவர் செய்ததைத் திறந்து திருத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. திறப்பதில் தவறில்லை. முதல் ஸ்லைடில் இருக்கும் அவர் பெயரை எடுத்துவிட்டு நம் பெயரைப் போட்டுக்கொள்வதுதான் தவறு. அக்காவிடம் அந்த 2004 ஆசிரியரின் பெயரை அப்படியே விட்டு, கீழே திருத்திய வருடத்தை மட்டும் போடச் சொன்னேன்.

பழைய தமிழ் ஃபைல் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாப், டாம், திஸ்கி எழுத்துகளில் அடித்திருந்தால், அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஸ்லைடு முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அந்த வரிகளை காப்பி செய்து, எழுத்துரு மாற்றியில் எந்தக் குறியீடு என்று கொடுத்தால் யூனிகோடாகக் கிடைக்கும். அதைத் திரும்ப ஸ்லைடில் ஒட்டி, வரி உடையாமல் அளவைச் சரிசெய்துவிட்டுச் சேமியுங்கள். பழைய பி.பி.எஸ்.ஸை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். மாற்றும்போது ஏதாவது எழுத்து விழுந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.