இஞ்சினீயர் படிப்புக்கு வாசல் ஒன்றல்ல

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் காலங்களில் நம் ஊர்களில் நடக்கும் கூத்தை நாம் வருஷந்தோறும் பார்த்து வருகின்றோம். மார்க்கு குறைந்த பிள்ளையின் தகப்பனார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் ஓடுகிறார். அல்லது, "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்" என்று சொல்லிப் பையனை ஏதாவதொரு கடையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். ஜோசியருக்குக் கொடுத்த பணத்தில் கால்பங்கைச் செலவு செய்து பஸ் ஏறி, பக்கத்து டவுன் பாலிடெக்னிக்கில் விசாரித்திருந்தால் அந்தப் பையனின் கதி வேறாயிருக்கும் என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் பெரிய வாசலைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கணிதத்திற்கு 100, பௌதிகமும் இரசாயனமும் சேர்த்து 100, ஆக 200 மார்க்குக்குக் கணக்கிட்டு வரிசை வைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் போடும் யோக்கியதைக்கு இம்மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவாருக்கு நூற்றுக்கு 45ம், பிற்பட்டவர்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் 40ம் இருந்தால் போதும். 60 வாங்கிய பிள்ளை "எனக்குத் தகுதியில்லை" என்று அழுவதை நாம் கண்டிருக்கின்றோம். தகுதி என்ற சொல் அவ்வளவு தூரம் பயமுறுத்தி வைத்திருக்கிறது!

அந்தத் தகுதியின் யோக்கியதையைத்தான் பாருங்கள். 1984 முதல் நுழைவுத் தேர்வென்று ஒன்று வைத்து, அதன் மார்க்கையும் கூட்டி இடம் கொடுத்தார்கள். பணம் கட்டித் தனிப் பயிற்சி பெறக்கூடிய பட்டணத்துப் பிள்ளைக்குத் திடீரென்று திறமை பெருகிற்று. கிராமத்துப் பிள்ளைக்கோ சுருங்கிற்று. 2007-ல் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். அதற்குப்பின் படித்தவர்கள் கட்டிய பாலமெல்லாம் இடிந்தா போயிற்று? 2021-ல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இந்தப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டபோதும் பழைய கூச்சல்தான். இந்தக் கூச்சலுக்கு வயது அதிகம். சென்னை மாகாணத்தின் நான்கு இஞ்சினீயரிங் கல்லூரிகளில் 395 இடங்களே இருந்த காலத்தில், அதில் ஒன்றைக் கேட்டவர் தொடுத்த வழக்கும் சேர்ந்துதான் வகுப்புவாரி உத்தரவை 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளியதும், அதே வருஷம் அரசியல் சட்டத்தைத் திருத்த நேர்ந்ததும்.

நிற்க, மற்ற வாசல்களுக்கு வருவோம். பத்தாவது தேறிய பிள்ளை பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் டிப்ளமா படித்து, நேரே பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். மூன்றும் மூன்றும் ஆறு. பதினொன்று, பன்னிரண்டு படித்துப் பிறகு பி.இ. நாலு வருஷம் படிப்பவனுக்கும் ஆறுதான். ஒருநாள்கூட நஷ்டமில்லை, கையில் தொழிலும் கூட வருகிறது. பத்தாவதுக்குப் பின் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டரோ எலெக்ட்ரீஷியனோ படித்தவன் டிப்ளமாவில் இரண்டாம் வருஷம் சேர்ந்து, அங்கிருந்து பி.இ.க்குப் போகலாம், அவனுக்கு ஒரே வருஷந்தான் அதிகம். பன்னிரண்டாவதில் கணிதம் படித்துப் பி.எஸ்ஸி. முடித்தவர்களுக்கும் இரண்டாம் வருஷத்தில் இடமுண்டு.

இவ்வளவு இருந்தும் "டிப்ளமாவா?" என்று முகஞ்சுளிப்பானேன்? கையில் ஸ்பானர் பிடிப்பவன் தாழ்ந்தவன், காகிதம் பிடிப்பவன் உயர்ந்தவன் என்கிற வருணாசிரம புத்தியைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை. கொல்லனும் தச்சனும் கொத்தனும் செய்து வந்த வேலைக்கு இங்கிலீஷில் பெயர் வைத்தவுடன், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே அதற்கு யோக்கியதையற்றவர்களாகி விட்டார்கள்!

ஆனால் ஒரு வாசல் அடைபட்டே போயிற்று. 1920-ல் ஏற்பட்ட இந்திய இஞ்சினீயர்கள் கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. பரீட்சையின்மூலம், பகலில் ஒர்க்ஷாப்பில் உழைத்தவன் இரவில் தானே படித்து, கல்லூரியை மிதிக்காமலே இஞ்சினீயரானான். 2013 மே 31-க்குள் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டுமே அது பட்டத்துக்குச் சமம் என்று மத்திய சர்க்கார் முடிவு செய்துவிட்டது. வேலையிலிருக்கும் டிப்ளமாக்காரர்களுக்குப் பகுதிநேர பி.இ. உண்டென்றாலும் அது சில கல்லூரிகளில்தான். திருவாரூரிலும் தர்மபுரியிலும் லேத்து ஓட்டுகிறவன் மாலை வகுப்புக்காகக் கோயமுத்தூருக்கா போய்வருவான்? ஜில்லாவுக்கு ஒரு கல்லூரியிலாவது மாலை வகுப்பு வைக்கவேண்டுமென்று சர்க்காரைக் கேட்கின்றோம். தொழிற்சங்கத் தோழர்களும் கூலி உயர்வோடு இதையும் தங்கள் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.