ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம், ஆட்டம் கத்துத் தருவோம்

“உங்க தாத்தன் கெணத்துல தூக்கிப் போட்டத நீ எடுத்துத் தோள்ல மாட்டிக்கினு வர்றியே பாப்பா. எம்.ஏ. படிச்சது இதுக்குத்தானா?”

எங்கள் சேரியில் பிள்ளைகளுக்குப் பறையாட்டம் சொல்லித்தர ஒரு கூடம் தொடங்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு என் நைனா கேட்ட கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டு வருசம் கழித்து இப்போது எழுதுகிறேன். நைனாவுக்கு மட்டுமல்ல. இதே கேள்வியை வேறு நியாயங்களோடு கேட்கிற தோழர்களுக்கும், எதையும் கேட்காமல் பறையைக் கொண்டாடிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் கிணற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா ஊருக்கு வெட்டியான். சாவு விழுந்தால் பறை அடிக்க வேண்டும், குழி வெட்ட வேண்டும், தண்டோரா போட வேண்டும். கூலி கிடையாது. அறுப்புக் காலத்தில் களத்து மேட்டில் அள்ளிப் போடுகிற நெல்லும், சாவு வீட்டில் ஊற்றுகிற சாராயமும்தான். ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தவரை எழுப்பிக்கொண்டு போய் அடிக்க வைத்தார்கள். அடி தளர்ந்தபோது செத்தவரின் மகன் மேளத்தை எட்டி உதைத்தான். அன்று ராத்திரியே அதைக் கொண்டுபோய்த் தெருக் கிணற்றில் போட்டுவிட்டார் தாத்தா. மூன்று மாசம் ஊரில் ஒருத்தனும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. செங்கல் சூளைக்குப் போய்ப் பிழைத்துத் திரும்பியது குடும்பம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் மேளம் நுழையவில்லை.

“பறை தமிழனின் ஆதி இசை, வீர இசை” என்று மேடையில் மெய்சிலிர்க்கிறவர்களே, உங்கள் பேச்சில் அந்தக் கிணறு ஏன் வருவதேயில்லை? தண்டோரா போடுவதை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தமிழ்நாடு அரசு சொன்னது 2022 ஆகஸ்டில். அதுவரைக்கும் அந்த ஆதி இசை யார் கழுத்தில் தொங்கியது? ஆதித் தமிழன் கழுத்திலா, எங்கள் சித்தப்பன் பெரியப்பன் கழுத்திலா?

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். தொல்காப்பியம் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் வைக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை. புறநானூற்றின் 335ஆம் பாடல் நாலு குடிகளைப் பெயர் சொல்லிப் பெருமைப்படுத்துகிறது. அதில் ஒன்று பறையன். வகுப்பில் இந்த இடம் வந்தபோது பேராசிரியர், “இது ஒருவகைத் தோற்கருவி” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். நாற்பது பேர் இருந்த வகுப்பில் நாங்கள் ஆறு பேர் தலையைக் குனிந்துகொண்டோம். இலக்கியத்தில் கருப்பொருளாய் இருந்தது தெருவில் எப்படித் தீட்டானது என்று கேட்க எங்களுக்கு அன்று வாய் வரவில்லை.

பிறகு ஏன் தொடங்கினேன்? பக்கத்து டவுனில் ஒரு கல்லூரி விழா. ஒரே மாதிரி பனியன் போட்ட பிள்ளைகள் பறை அடித்து ஆடினார்கள். சென்னையில் காசு கட்டி ரெண்டு நாள் பயிற்சிப் பட்டறையில் கற்றுக்கொண்டதாம். நன்றாகவே ஆடினார்கள், அதில் குறை சொல்லவில்லை. என் பக்கத்தில் எங்கள் காலனிப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். “அக்கா, இது நம்மளோடதுன்னு சொல்றாங்க. நம்ம தெருவுல ஒருத்தருக்கும் தெரியலியே” என்றாள். தாத்தா கிணற்றில் போட்டது அவமானத்தை. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் உள்ளே போய்விட்டது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இடம் தேடினோம். காலனிக்கென்றே கட்டின சமுதாயக் கூடம் இருக்கிறது. சாவி கேட்டால் “சத்தம் வரும்மா, ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றார்கள். அதே கூடத்தில் கல்யாணத்துக்கு ராத்திரி முழுக்க சவுண்டு பாக்ஸ் அலறுகிறது. அந்தச் சத்தம் சத்தமில்லை. கடைசியில் மூடிக்கிடந்த இரவுப் பள்ளிக் கொட்டகையைச் சுத்தம் செய்து, சாணி மெழுகி, ஒரு பல்பு கட்டினோம். மேளம் நாலு. பிள்ளைகள் பதினேழு. அதில் பெண் பிள்ளைகள் பதினொன்று. மேளம் கிடைக்காதவர்கள் பழைய டயரிலும் தொடையிலும் தட்டிப் பழகினார்கள்.

சொல்லித்தர வந்தவர் தூரத்து உறவில் எனக்குப் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர். வேப்பங்கட்டையில் வட்டம் சேர்ப்பது, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுவது, வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவது, இடது கையில் நீளமான சிம்புக்குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி என்று எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஒத்தையடி, தென்மாங்கு அடி, சாமியடி, மருளடி என்று ஒவ்வோர் அடியும் வரும்போது கால் தானாக வரும் என்பார். வந்தது. “பொம்பளப் புள்ள மேளம் அடிச்சா எவன்டி கட்டிக்கினு போவான்” என்று வாசலில் நின்று திட்டிய அம்மாக்கள் மழைக்காலத்தில் மேளம் நனையாமல் முந்தானையில் மூடி எடுத்துப் போனார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையோடு மேடை ஏறி முப்பது வருசம் ஆகிறது என்று அவர்களுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். அதைவிடத் தன் பிள்ளை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததுதான் அவர்களுக்கு வேலை செய்தது.

அடுத்தது விளம்பரம். நோட்டீஸ் அடிக்கப் போனேன். அச்சகக்காரர் நல்ல மனுசர்தான். “பறைன்னு போடாதீங்க மேடம். நாட்டுப்புற நடனம்னு போடுங்க, எல்லாரும் வருவாங்க” என்றார். அந்த ‘எல்லாரும்’ யார்? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி நம்மைக் கேவலப்படுத்தினார்களோ அதையே, ‘பறையன்’ என்றே, தலைப்பில் அச்சடித்தார். நூற்று முப்பது வருசம் கழித்து நான் ஒரு நோட்டீசில் பறை என்ற சொல்லை ஒளித்து வைப்பதா? ‘பறையாட்டக் கூடம்’ என்று பெரிய எழுத்திலேயே அடித்தோம். ஊர்த் தெருவில் ஒட்டினது காலையில் கிழிந்து கிடந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒட்டினது நின்றது. வாட்ஸ்அப்பில் போனது எங்களுக்கே தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

பெயரை மாற்றினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் சதிருக்கு நடந்ததைப் பார்க்க வேண்டும். தேவதாசிப் பெண்கள் ஆடிய சதிரைச் சென்னையின் படித்த மேல்சாதியார் 1930களில் கையில் எடுத்தார்கள். பரதநாட்டியம் என்று பெயர் நிலைத்தது. 1935இல் ருக்மிணி தேவி மேடை ஏறினார். 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான், அந்தக் கொடுமை ஒழிய வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் சபாவுக்குப் போனபோது ஆடினவர்களில் எத்தனை பேர் கூடப் போனார்கள்? பாலசரசுவதி போன்று ஒரு சிலர் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்களின் பேத்திகள் நாங்கள் இன்ன வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லவே கூசினார்கள். அவர்கள் தலித்துகள் அல்ல. கோயிலுக்குள் இடம் இருந்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் கோயில் வாசலுக்கு வெளியே மேளம் அடித்தவனுக்கு என்ன கதி? பெயர் மாறும், இடம் மாறும், கடைசியில் ஆளும் மாறும். இதைச் சடங்கு சுத்திகரிப்பு என்று சொல்லாமல் ‘கலை வளர்ச்சி’ என்பார்கள். பார்ப்பனியம் எப்போதும் கருவியைக் கழுவித்தான் தொடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நம் தோழர்கள். “இழிதொழிலை விடு என்று பாபாசாகேப் சொன்னார். 1927 மகாத் மாநாட்டில் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொன்னார். நீ பறையைத் தூக்குகிறாய்” என்கிறார்கள். நான் மதிக்கிற வாதம் இது. பறையைப் போட்டு உடைத்த, கொளுத்திய ஊர்கள் எல்லாம் என் ஊர்கள். அந்தக் கலகம் இல்லையென்றால் எனக்குப் படிப்பே இல்லை. ஆனால் பாபாசாகேப் விடச் சொன்னது கட்டாயத்தை. கட்டாயத்தை விடுவதற்குப் பதில் கையையும் காலையும் வெட்டிக்கொண்டோமானால் லாபம் யாருக்கு? கே.ஏ. குணசேகரன் பறையை மேடைக்குக் கொண்டு வந்தபோதும் இதே சண்டை நடந்தது. அவர் 2016இல் போய்ச் சேர்ந்துவிட்டார், சண்டை முடியவில்லை. 2025இல் மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலுவுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோசம். அந்தப் பட்டம் ஊர்ச் சாவு வீட்டின் ஒரு வாசலிலாவது எங்கள் ஆளுக்கு நாற்காலி போட வைத்ததா?

இன்னொரு தோழர், “மக்கள் கலைக்குக் காசு வாங்கலாமா?” என்றார். நாங்கள் காலனிப் பிள்ளைகளிடம் மாசம் இருபது ரூபாய் வாங்குகிறோம். வெளியிலிருந்து வருகிறவர்களிடம் ஐநூறு. பெரியப்பாவுக்கு ஒவ்வொரு நாளுக்கும் சம்பளம், கையெழுத்து வாங்கிக் கொடுக்கிறோம். முதல் தடவை கவரில் போட்டுக் கொடுத்தபோது, “அடிச்சதுக்கு மொத மொத ஒக்கார வெச்சிக் குடுக்குற காசு இது” என்றார். தலைமுறை தலைமுறையாக எங்கள் உழைப்பு ‘இலவசம்’. அதற்குப் பெயர்தான் சாதி. இலவசத்தைப் புரட்சி என்று எனக்குச் சொல்லித்தராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் சோதனை வந்தது சென்ற வருசம் சித்திரையில். ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் பிள்ளைகள் காலனி முனையில் முதல் ஆட்டம் ஆடினார்கள். அந்த வீடியோ ஊருக்குள்ளும் போயிருக்கிறது. பத்து நாள் கழித்து ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு பைக் வந்து நின்றது. “எங்க பெரியவரு தவறிட்டாரு. உங்க பசங்க நல்லா அடிக்கிறாங்களாமே. காலைல வரச் சொல்லு.” எங்கள் விளம்பரத்துக்கு ஊரிலிருந்து வந்த முதல் ஆர்டர் அது.

வர மாட்டோம் என்றேன். “சும்மா கூப்புடல, துட்டு தர்றோம். பத்தாயிரம். டவுன்ல காசுக்கு ஆடுறீங்க இல்ல, இங்க மட்டும் இன்னா?” என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எங்கள் பையன்களில் ரெண்டு பேருக்கு ஆசை வந்தது. பத்தாயிரம் என்றால் இன்னும் சில மேளம் வாங்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா கேட்டார்: “நாங்க வரலன்னா வேற எந்த சாதிக்காரனக் கூப்புடுவீங்க?” அவர்களிடம் பதில் இல்லை. அங்கே இருந்தது அழைப்பு இல்லை, உத்தரவு. உத்தரவுக்குப் பத்தாயிரம் விலை போட்டால் அது கூலியாகிவிடாது.

மறுநாளிலிருந்து எங்கள் தெருப் பெண்களைக் களையெடுப்புக்குக் கூப்பிடவில்லை. நூறு நாள் வேலை இருந்ததால் அடுப்பு எரிந்தது. தாத்தா காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் நாற்று முற்றிப் போகவே தானாக வந்து கூப்பிட்டார்கள்.

அடுத்த மாசமே எங்கள் தெருவில் ஒரு கிழவி செத்துப்போனது. பிள்ளைகள் அடித்தார்கள், ஆடிக்கொண்டே சுடுகாடு வரைக்கும் போனார்கள். யாரும் காசு கேட்கவில்லை, சாராயம் ஊற்றவில்லை. அதே சாவடிதான். அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன் அடிக்கும்போதுதான் அது கலை. மற்றதெல்லாம் வெட்டி.

அதனால் கூடத்தின் சுவரில் நாலு வரி எழுதி வைத்திருக்கிறோம். ஊர்ச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அடிக்க மாட்டோம். கூலி பேசாமல் எந்த மேடையும் ஏற மாட்டோம், கட்சி மேடையானாலும். பெண் பிள்ளைகளுக்கு முதல் வரிசை. எந்தச் சாதிப் பிள்ளைக்கும் கற்றுத் தருவோம், ஆனால் இந்தக் கொட்டகைக்கு வந்து, எங்கள் குடத்தில் தண்ணி குடித்துக் கற்க வேண்டும்.

நாலாவது வரிதான் பலருக்கு உறுத்துகிறது. “ஆசானை எங்க இடத்துக்கு அனுப்புங்க, ஏசி ஹால் இருக்கு” என்று நகரத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். ஆட்டம் வேண்டும், சேரி வேண்டாம். பறை பொதுச் சொத்து என்று சொல்கிறவர்கள் பாதையையும் குளத்தையும் சுடுகாட்டையும் பொதுவாக்கிவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம். இதுவரைக்கும் ஊர்த் தெருவிலிருந்து ஒரே ஒரு பையன் வந்திருக்கிறான், வீட்டுக்குத் தெரியாமல். எங்கள் பிள்ளைகளோடு டயரில்தான் தட்டுகிறான்.

இதைப் படிக்கிற தோழர்கள், மாணவர்கள் அவரவர் காலனியில் மூடிக்கிடக்கும் கொட்டகை ஒன்றைத் திறங்கள். மேளம் நாலு போதும். கிழவர்கள் இன்னும் கொஞ்ச நாள்தான் இருப்பார்கள். நோட்டீசில் பெயரை மாற்றாதீர்கள். முதல் ஆர்டர் சாவுக்குத்தான் வரும். அன்றைக்கு என்ன சொல்வது என்று கூடம் திறக்கும் முன்பே கூடிப் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.

நைனா இன்னும் கூடத்துக்குள் வரவில்லை. சாயங்காலமானால் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் பிள்ளைகள் தென்மாங்கு அடியில் தடுமாறியபோது அங்கிருந்தே கத்தினார்: “எடது குச்சி தூங்குது பாரு!” மேளத்தைத் தொட்டதே இல்லை என்று இத்தனை வருசம் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த மனுசன்.