சடங்கு இல்லாத நாட்கள்

நம்மூரில் பிள்ளை பிறந்தால் ஒரு சடங்கு, காது குத்த ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, புது வீட்டில் பால் காய்ச்ச ஒன்று. இறந்தால் அடியந்திரம். அதன் பிறகும் ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் வாவுபலி உண்டு. ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிற மாற்றங்களைப் பாருங்கள். வேலை நிற்கிறது, கடைசிப் பிள்ளை வளைகுடாவுக்குப் போகிறான், வீட்டுச் சாவி மருமகள் கைக்கு மாறுகிறது, துணை போய்விடுகிறது. இவற்றுக்கு நம்மிடம் சடங்கே இல்லை. நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தினார்கள், நாலு பேர் பேசினார்கள், வண்டியில் வீடு வரை கொண்டுவிட்டார்கள். எங்கள் அயல்வீட்டுக்காரர் நாற்பது வருஷம் ரப்பர் பால்வெட்டியவர். முட்டுவலி வந்து ஒரு நாள் நிறுத்தினார். மறுநாள் அந்த மரங்களுக்கு வேறு ஆள் போனார். அவ்வளவுதான். இரண்டு மாதம் கழிந்தும் விடியுமுன் எழுந்து, தலைவிளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் முறையாகச் சொல்லவில்லையே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டிப்பழமும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். கட்டன் சாயா வந்தது. எந்த வயதில் தொழில் படித்தார், யார் படித்துக் கொடுத்தார் என்று கேட்டோம். ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பால்வெட்டுக் கத்தியைத் துடைத்து, இப்போது அந்த வேலைக்குப் போகிற பையன் கையில் கொடுத்தார். நாங்கள் எழுந்து நின்றோம். இன்றும் அவர் அதே நேரத்துக்குத்தான் விழிக்கிறார். ஆனால் சாயா குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாராம்.

"சடங்கை உண்டாக்க நீங்கள் யார்?" என்று கேட்கலாம். எல்லாச் சடங்கும் ஒரு நாள் யாரோ தொடங்கியதுதான். நம் மாவட்டத்துச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகையோடு வந்து, கண்ணாடி முன் நின்று வணங்கச் சொன்னார். இருநூறு வருஷம் ஆகவில்லை. இன்று அது தொன்றுதொட்ட வழக்கம் போலவே தோன்றுகிறது.

1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1953-ல் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். எத்தனை குடும்பங்கள் கலங்கியிருக்கும்! 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டம் திருத்தப்பட்டது. முன்பு நடந்த திருமணங்களும் செல்லும் என்றானது. அந்தச் சட்டம் கேட்டது கொஞ்சம்தான்: உறவினரோ நண்பரோ முன்னிலையில் இருக்க வேண்டும்; இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்ற வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும்.

பார்க்க நாலு பேர், புரிகிற நாலு வார்த்தை, கையால் செய்கிற ஒரு செயல். கல்யாணத்துக்கே இது போதுமென்றால் மற்றவைக்கு எதற்கு மண்டபம்? பிளக்ஸ், மொய், பந்தி மூன்றும் வேண்டாம். அவை நுழைந்தால் இல்லாதவர் ஒதுங்கிவிடுவார்.

மிகவும் தேவைப்படுவது கணவனை இழந்த பெண்களுக்குத்தான். பொட்டையும் பூவையும் எடுக்கச் சடங்கு வைத்திருக்கிறோம். மறுபடி வெளியே வா என்று அழைக்க ஒன்றும் வைக்கவில்லை. பலர் தாங்களாகவே விசேஷ வீடுகளில் பின்னால் நின்றுவிடுகிறார்கள். அடியந்திரம் முடிந்த மாதமே அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் போய், "அக்கா, புறப்படுங்க" என்று கையைப் பிடித்து மகாதேவர் கோயிலுக்கோ சந்தைக்கோ கூட்டிப் போகட்டும். அடுத்து வரும் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். இதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.