வீட்டில் சும்மா இருந்த பதினான்கு வருஷம்

ஆம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடை. பத்திரமும் டைப் அடித்துத் தருவார்கள். கல்வி இடைவெளிக்கு ஒரு அஃபிடவிட் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருந்த மாதிரியைத் திறந்து என் பெயரையும் வருஷத்தையும் மட்டும் மாற்றினார். 2009 முதல் 2023 வரை நான் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பயிலவில்லை, எந்தப் பணியிலும் சேரவில்லை, எந்தச் சட்டவிரோதச் செயலிலும் ஈடுபடவில்லை, வீட்டில் இருந்தேன் என்று உறுதி கூறுகிறேன்.

“அண்ணா, நான் கம்பெனிக்குப் போயினு இருந்தேனே?”

“அதெல்லாம் போட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் குடுன்னு கேப்பாங்கம்மா. வீட்ல இருந்தேன்னு போடு, ஒரு கேள்வியும் வராது.”

கையெழுத்துப் போட்டேன். நோட்டரி சீல் விழுந்தது. பதினொரு வருஷம் ஷூ அப்பர் தைத்தது, இரண்டு பிள்ளை பெற்றது, ஒருத்திக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது, மாமனாரின் கடைசி எட்டு மாசம் அவரைப் பார்த்துக்கொண்டது எல்லாமே சட்டப்படி ‘சும்மா இருந்தது’ ஆகிவிட்டது. படிக்கப் போவதற்கு நான் சொன்ன முதல் பொய் அது. வேலை செய்யவே இல்லை என்று சத்தியம் செய்துதான் உள்ளே போக முடிந்தது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களில் பலருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். என்னைப் போன்றவர்களை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ‘மகனுடன் பிளஸ் டூ எழுதிய தாய்’. ‘படிப்புக்கு வயது தடையில்லை என நிரூபித்த பெண்’. கழுத்தில் சால்வை, கையில் ஸ்வீட். கேரளத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல் தொண்ணூற்றாறு வயசில் எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எடுத்தபோது நாடே கொண்டாடியது. அந்த அம்மாவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபம் அந்தத் தலைப்புகளின் மேல். ‘வயது தடையில்லை’ என்று எழுதுகிற ஆள் எது தடை என்று எழுதுவதே இல்லை. தடை எல்லாம் அந்தப் பெண்ணின் மனசுக்குள் இருந்த மாதிரியும், அவள் ஒருநாள் காலையில் எழுந்து அதை உதறிவிட்ட மாதிரியும் கதை போகும். அப்படியானால் உதற முடியாதவளுக்கு மன உறுதி இல்லை, அவ்வளவுதானா?

என் மன உறுதிக்கு ஒரு குறையும் இல்லை. குறை டைம் டேபிளில் இருக்கிறது.

மாதனூர் பக்கம் என் வீடு. காலை ஏழரைக்கு கம்பெனி வேன் வரும். எட்டரையிலிருந்து ஐந்தரை வரை லைன். திரும்பி வீட்டுக்குள் கால் வைக்கும்போது ஆறே முக்கால். விரலில் சொல்யூஷன் வாடை இருக்கும், சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. பெரியவள் எட்டாவது, சின்னவன் இரண்டாவது. சோறு, வீட்டுப்பாடம், பாத்திரம் முடிந்து நான் புத்தகத்தைத் திறக்க பத்து மணி ஆகும். தமிழ் இலக்கியம் பி.ஏ., தொலைநிலைக் கல்வி. யாப்பருங்கலக்காரிகையை இரவு பத்தரைக்குப் படித்துப் பாருங்கள், தளையும் அடியும் எங்கே இருக்கின்றன என்று தெரியும். என் நோட்டைத் திறந்தாலே சொல்யூஷன் வாடை வருது என்று பெரியவள் சொல்வாள்.

ஆம்பூர் என்றால் உங்களுக்குப் பிரியாணி ஞாபகம் வரும். கொஞ்சம் படித்தவர்களுக்குப் பாலாறும் வரும். 1996இல் உச்ச நீதிமன்றம் எங்கள் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும், ஆபத்து வரும் முன்னே தடுக்க வேண்டும் என்கிற இரண்டு கொள்கைகளுக்காக இந்தியாவில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். எங்கள் ஊர் பாடத்திட்டத்தில் இருக்கிறது. எங்கள் லைனில் தைக்கிற பெண்கள்தான் எந்த வகுப்பிலும் இல்லை.

இத்தனைக்கும் இந்தப் பக்கத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா 1919இலேயே கல்லூரி ஆகிவிட்டது. மேல்விஷாரத்தில் 1965இல் வந்த கல்லூரிக்கு, தோல் வியாபாரம் செய்து வாரிக் கொடுத்த சி. அப்துல் ஹக்கீம் பெயர்தான். தோல் காசில் கல்வி வளர்த்த மண் இது. எத்தனையோ முதல் தலைமுறைப் பிள்ளைகள் அந்த வாசல் வழியாக மேலே போயிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கல்லூரி காலையில் திறந்து, தோலைத் தொடுகிற கை வீடு திரும்புவதற்கு முன்னால் மூடிவிடுகிறது என்றால் அது யாருக்காகத் திறந்திருக்கிறது?

‘அதான் ஈவினிங் காலேஜ் இருக்கே’ என்பார்கள். தமிழ்நாட்டில் இப்போது மாலைக் கல்லூரி என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவது ஷிப்டைத்தான். மதியம் ஒன்றரை வாக்கில் தொடங்கி ஐந்தரை, ஆறுக்கு முடியும். கட்டடம் போதாததால் வந்த ஏற்பாடு அது, வேலைக்குப் போகிறவருக்காக யோசித்தது இல்லை. லண்டனில் 1823இல் ஜார்ஜ் பிர்க்பெக் தொழிலாளர்களுக்காகத் தொடங்கி வைத்த பள்ளி, இன்றைக்கு பிர்க்பெக் பல்கலைக்கழகமாகி, மாலை வகுப்புக்கென்றே பேர் வாங்கியிருக்கிறது. வேலை முடிந்தபிறகு வகுப்பு. இருநூறு வருஷப் பழைய யோசனை. ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டுக்குக்கூடப் போக வேண்டாம். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் இங்கேயே இதைச் செய்தது. தெருவிளக்கின் கீழ், திண்ணையில், பெண்கள் வேலை முடித்து வந்தபிறகு ராத்திரியில் வகுப்பு. புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ‘அ’ எழுத மட்டும் அவர்கள் நேரத்துக்கு வந்து சொல்லித் தந்தோம், பட்டம் வாங்க வேண்டுமென்றால் எங்கள் நேரத்துக்கு வா என்பது என்ன நியாயம்?

சரி, தொலைநிலைக் கல்வி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் வந்தது. இந்த வழி இல்லையென்றால் எனக்கு எந்த வழியும் இல்லை, அதனால் நன்றியோடுதான் பேசுகிறேன். ஆனால் ‘எப்ப வேணும்னாலும் படிக்கலாம், எங்க வேணும்னாலும் படிக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்கு உண்மையான அர்த்தம், தூங்குகிற நேரத்தில் படி, சமையல்கட்டில் படி என்பதுதான். நேரத்தையும் இடத்தையும் ஏற்பாடு செய்கிற பொறுப்பை நிறுவனம் கழற்றி மாணவி தலையில் வைத்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறது. கடைசியில் பரீட்சைக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. போன செமஸ்டரில் என் நான்கு பேப்பரில் இரண்டு வேலை நாளில் வந்தன. சென்டர் வேலூரில். இங்கிருந்து பஸ்ஸில் போய் பத்து மணிக்கு உட்கார வேண்டுமென்றால் ஒரு நாள் லீவ். ஒரு நாள் லீவ் போட்டால் அந்த மாச அட்டெண்டன்ஸ் காசு மொத்தமாகப் போச்சு. இரண்டாவது பேப்பர் அன்றைக்கு ஷிப்மெண்ட். சூப்பர்வைசரிடம் “பரீட்சை இருக்கு சார்” என்றேன்.

“யாருக்கு? உம் பொண்ணுக்கா?”

“எனக்குத்தான் சார்.”

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு, “காய்ச்சல்னு சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனேம்மா, இப்ப பரீட்சைன்னு சொல்லிட்டியே” என்றார். அன்றைக்கு நான் லைனில்தான் இருந்தேன். ரிசல்ட்டில் அந்தப் பேப்பருக்கு நேரே ஆப்சென்ட் என்று வந்தது. பெரியவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “அப்போ நீயும் ஃபெயிலாம்மா?” என்று கேட்டாள். அவள் அப்போதுதான் கணக்கில் ஃபெயில் ஆகி என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மாமியார் மட்டும் விடவில்லை. “படிச்சினு இன்னா பண்ணப் போற, கலெக்டரா ஆவப் போற?” படித்தால் ஏதாவது ஆக வேண்டும் என்கிற இந்தக் கேள்வியை மாமியார் மட்டும் கேட்கவில்லை, அரசாங்கமும் கேட்கிறது. புதுமைப்பெண் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாசம் 1000 ரூபாய். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில், தாலிக்குத் தங்கம் கொடுத்த பழைய திருமண உதவித் திட்டத்தைப் படிப்புக்கு மாற்றியது. நல்ல காரியம். என் பெண்ணுக்கும் நாளைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்வேன். ஆனால் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவளுக்கு அது கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் படிக்கிற பெண் புதுமைப்பெண். கல்யாணத்தால் படிப்பை விட்டவள் திரும்பி வந்தால் அவளுக்கு எந்தப் பெயரும் இல்லை. மூவலூர் அம்மையார் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால், அவர் பெயரில் இப்படி ஒரு கோடு போட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு கோடு இதைவிடக் கொடியது. என் லைனில் ஒரு அக்கா. பத்தாவதோடு நின்றவர், குடும்பம் அப்படி. அந்தக் காலத்தில் பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலையில் பட்டம் படிக்கலாம் என்று விளம்பரம் வந்தது. நம்பிச் சேர்ந்து, கட்டணம் கட்டி, வருஷக்கணக்கில் எழுதி, பட்டமும் வாங்கினார். 2009 ஆகஸ்டில் அரசாணை எண் 107 வந்தது. பத்து, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்கிற வரிசையில் படித்திருந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும். அக்காவின் பட்டம் அசல், பல்கலைக்கழகம் அசல், முத்திரை அசல். அரசு வேலைக்கு மட்டும் செல்லாது. தரம் காக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். காக்கலாம். தேர்வைக் கடினமாக வையுங்கள், எழுதுகிறோம். எந்த வரிசையில் வாழ்ந்தோம் என்பதை வைத்து அளப்பது எப்படித் தரம் ஆகும்? வரிசையாக வாழ வசதி இருந்தவர்கள் போட்ட விதி அது.

நேரம்தான் இதில் எல்லாமே. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது ஞாபகம் இருக்கிறதா? எதிர்ப்பு வந்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். நான் அட்மிஷன் போட்ட வருஷம் அது. வேனில் எல்லாரும் சம்பளம், ஓவர்டைம் என்று பேசினோம். அந்த நாலு மணி நேரம் போயிருந்தால் எனக்குப் படிப்பே போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிசு இல்லை. தொலைநிலைத் தேர்வுகள் அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தேர்வு மையம். எட்டு மணி நேர வேலைக்காரிக்குச் சம்பளத்தோடு பரீட்சை லீவ். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 சட்டமே சொல்லியிருந்தது. தொடர்பு வகுப்பு நடக்கிற கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூமைத் திறந்து, பாய் விரித்து, ஒரு ஆயாவைப் போட எவ்வளவு செலவாகும்? சின்னவனை நான் ஒரு தடவை வகுப்புக்குக் கூட்டிப் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து டெஸ்க்கில் பேனாவால் லாரி வரைந்தான். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த வாரம் போர்டில் ‘குழந்தைகளை அழைத்து வர வேண்டாம்’ என்று ஒரு நோட்டீஸ். அன்றைக்கு என்னோடு வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அதோடு வரவில்லை. அவர்களைப் பற்றி எந்தப் பேப்பரிலும் வராது, சால்வையும் கிடையாது.

இந்த செமஸ்டர் அட்டவணை போன வாரம் வந்தது. ஐந்து பேப்பர், பழைய ஆப்சென்ட்டையும் சேர்த்து. மூன்று வேலை நாளில், ஒன்று புதன்கிழமை, மாசக் கடைசி. மாசக் கடைசியில் ஷிப்மெண்ட் இல்லாமல் இருக்காது. லீவ் லெட்டர் எழுதி டிபன் பையில் வைத்திருக்கிறேன். காரணம் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். காய்ச்சல்னு போடறதா, பரீட்சைன்னு போடறதான்னு இன்னும் முடிவு பண்ணல.