அறிமுகம் இல்லாத அனுதாபம்

பாலஸ்தீனத்தின் துயரை உலகுக்கு உணர்த்த மேலைநாட்டில் ஓர் இசைக்கலைஞர் இருந்தார். அவர் முஸ்லிமல்லர், ஆயினும் நம்மவரைக் காட்டிலும் நமக்காக உழைத்தார் என்று சிலர் பேசுகிறார்கள். அவருடைய ஒலிப்பதிவுகளைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்புவதே பெரிய சமுதாயத் தொண்டு என்றும் கருதுகிறார்கள். இக்கருத்தை நாம் மறுக்கிறோம்.

அவர் பெயர் பிரின் ஜோன்ஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் 1961-ல் பிறந்து, 1999 ஜனவரியில் 37-ஆம் வயதில் மறைந்தவர். 1982-ல் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது அவர் உள்ளத்தை உலுக்கிற்று. மஸ்லின் என்னும் மெல்லிய துணியின் பெயரைச் சற்றே திரித்து, ‘முஸ்லிம்காஸ்’ என்ற பெயரில் இசை வெளியிடலானார். பெற்றோர் இல்லத்தில் ஒதுங்கி வாழ்ந்து, 90-க்கும் மேற்பட்ட தொகுப்புகளை வெளிக்கொணர்ந்தார். அவர் பதிந்து குவித்த வேகத்துக்கு வெளியீட்டாளர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. அவர் மறைந்த பின்னரும் பல்லாண்டுகள் புதிய தொகுப்புகள் வந்துகொண்டிருந்தன. எனினும் அரபு மண்ணில் அவர் ஒருமுறையேனும் கால் வைத்ததில்லை.

இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்னும் வழக்கை இங்கு நாம் எழுப்பவில்லை. அதற்கு வேறு இடம் உண்டு. அவருடைய நெஞ்சின் ஈரத்தையும் நாம் ஐயுறவில்லை. நம் கேள்வி ஒன்றே: யாருக்காக அவர் துயருற்றாரோ, அவர்களை அவர் அறிந்திருந்தாரா?

அவர் இசையில் அவர் எழுதிய பாடல் ஏதுமில்லை. முழவோசை, இரைச்சல், இடையிடையே அறுந்து விழும் அரபுக் குரல்கள், இவ்வளவே. பேசுபவர் யார், சொல்ல வந்தது என்ன என்பது விளங்குமுன் குரல் வெட்டுண்டு போகிறது. அரபு மொழி கற்ற செவிக்கு இது வேதனை. பேச இடமற்ற ஒரு மக்களின் பேச்சு, இங்கும் வெறும் ஓசையாகிவிடுகிறது. ஆகவே பொருளுரைக்கும் பொறுப்பெல்லாம் தலைப்புகளின் மீதே விழுகிறது.

அத்தலைப்புகளையும் பார்ப்போம். 1987-ல் ‘அபூ நிதால்’. 1996-ல் ‘ஃபத்தாஹ் கெரில்லா’. இரண்டும் ஒரே பட்டியலில்! அபூ நிதாலோ 1974-ல் ஃபத்தாஹ் இயக்கத்தினின்றும் பிரிந்தவர். அவ்வியக்கத்தாலேயே மரண தண்டனை விதிக்கப்பட்டவர். 1983-ல் போர்த்துகலில் பாலஸ்தீனத் தலைவர் இஸாம் ஸர்தாவியைக் கொன்றதாகப் பொறுப்பேற்றது அவருடைய குழு. இன்னும் கேளுங்கள்: 1982 ஜூன் 3 அன்று லண்டனில் இஸ்ரேலியத் தூதரைச் சுட்டவர்களும் அக்குழுவினரே. அதையே சாக்காகக் காட்டி மூன்று நாள்களில் இஸ்ரேல் லெபனானுக்குள் புகுந்தது. எந்தப் படையெடுப்பு ஜோன்ஸின் உள்ளத்தை உலுக்கிற்றோ, அதற்குச் சாக்குத் தேடிக் கொடுத்தவர் பெயரையே தம் தொகுப்பின் நெற்றியில் பொறித்தார் அவர்! இதனால் பாலஸ்தீனருக்கு விளைந்த நன்மை யாது?

“ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணுக்குச் செல்லலாகாது என்பது அவர் கொள்கை” என்று அன்பர்கள் வாதிடுவர். செல்லாதது குற்றமன்று. ஆனால் அம்மண்ணின் மக்கள் அகதிகளாய் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்களே! அவர்களில் ஒருவர் குரலையேனும் முழுமையாக ஒலிக்கச் செய்ய எந்த எல்லைக் காவல் தடுத்தது?

மனிதர் பல குலங்களாகப் படைக்கப்பட்டதன் நோக்கம் ‘தஆருஃப்’, அதாவது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளல் என்று இறைமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் உணர்த்துகிறது. அறிமுகத்தில் வேர்விடாத அனுதாபம், யாருக்காக இரங்குகிறதோ அவரையே ஊமையாக்கிவிடும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். கஸ்ஸான் கனஃபானி 1963-ல் எழுதிய ‘வெயிலில் மனிதர்கள்’ என்னும் குறுநாவலைத் தேடிப் படியுங்கள். வெறும் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து குவைத்துக்குள் நுழைய முயன்று, வெப்பத்தில் மாண்டுபோன மூன்று பாலஸ்தீனரின் கதை அது. அதை எழுதியவரும் 1972-ல் பெய்ரூத்தில் குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அந்த ஒரு நூலைப் பிள்ளைகளோடு அமர்ந்து படிப்பது, நூறு ஒலிப்பதிவுகளை அனுப்புவதினும் மேலான தொண்டு. அரபு எழுத்தில் தமிழ் எழுதிய நம் முன்னோர் ஓசையோடு நின்றுவிடவில்லை. பொருளை அடுப்பங்கரை வரை கொண்டு சேர்த்தார்கள். அவர்கள் வழிவந்த நமக்கு வெறும் ஓசை போதுமா?